‘கோடாக்ரோம்’ படமும் எங்கள் வீட்டு பீரோவில் இருந்த ரோலும்

‘கோடாக்ரோம்’ என்று ஒரு ஆங்கிலப் படம். மார்க் ராசோ இயக்கியது. 2017-ல் டொரன்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிட்டார்கள். 2018 ஏப்ரலில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. வந்த வாரமே பார்த்துவிட்டேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்கு ஒரு காரணம் இருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். போன மாதம் மறுபடி பார்த்தேன். இந்த முறை கையில் நோட்டுப் புத்தகத்தோடு.

கதை இதுதான். பென் ரைடர் (எட் ஹாரிஸ்) ஒரு பெரிய ஃபோட்டோகிராஃபர், மோசமான அப்பா. புற்றுநோய் முற்றிவிட்டது. அவரிடம் டெவலப் செய்யாத நாலு கோடாக்ரோம் ரோல்கள் இருக்கின்றன. அந்த ஃபிலிமைக் கழுவித் தரும் உலகத்தின் கடைசி லேப் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்கிற சின்ன ஊரில் இருக்கிறது. சில நாட்களில் அந்த வேலையை நிறுத்தப்போகிறார்கள். எனவே பல வருடங்களாகப் பேசாத மகன் மாட் (ஜேசன் சுடேகிஸ்), பென்னைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் ஜோயி (எலிசபெத் ஓல்சன்), பென் மூவரும் நியூயார்க்கிலிருந்து காரில் கிளம்புகிறார்கள். வழியில் சண்டை, சமாதானம், காதல். ஃபிலிமைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். பென் இறந்துவிடுகிறார். கடைசியில் மகன் ஸ்லைடுகளைப் ப்ரொஜெக்டரில் போட்டுப் பார்க்கிறான். அந்த நாலு ரோலிலும் இருப்பது அவனுடைய அம்மாவும் குழந்தையாக அவனும்.

ஜோனதன் ட்ராப்பர் எழுதிய இந்தத் திரைக்கதைக்கு மூலம், ஏ.ஜி. சல்ஸ்பர்கர் 2010 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய ஒரு செய்திக் கட்டுரை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எட் ஹாரிஸ் பிரமாதம். சாகப்போகிற மனிதர் என்பதற்காக அவர் பார்வையாளரிடம் ஒரு துளி இரக்கம்கூடக் கேட்பதில்லை. அந்தக் கடைசிக் காட்சியில் நான் அழுதேன், மறைக்க வேண்டியதில்லை. இன்னொன்று, படத்தையே 35 மி.மீ. ஃபிலிமில்தான் எடுத்திருக்கிறார்கள். டிஜிட்டலைத் திட்டும் படத்தை டிஜிட்டலில் எடுக்கவில்லை என்ற அளவில் நேர்மை.

ஆனால் எனக்கு இந்தப் படத்தோடு ஒரு தீராத சண்டை இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை

படத்திலிருந்து கோடாக்ரோமை எடுத்துவிடுங்கள். பதிலாக ஒரு பழைய கடிதக்கட்டை வையுங்கள். அல்லது பார்சன்ஸில் இருக்கும் ஒரு வங்கி லாக்கர், அடுத்த வாரம் மூடப்போகிறது என்று வையுங்கள். கதை மாறுமா? மாறாது. அதே கார், அதே மோட்டல், அதே சண்டை. ஃபிலிமின் பெயரைத் தலைப்பாக வைத்துக்கொண்ட ஒரு படத்தில் அந்த ஃபிலிம் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. கெடு வைப்பது. “இந்தத் தேதிக்குள் போகாவிட்டால் எல்லாம் போச்சு.”

சரி, அந்தக் கெடு ஏன் வந்தது? கருப்பு வெள்ளை ஃபிலிமை இன்றைக்கும் நம் வீட்டுக் குளியலறையில் கழுவலாம். சாதாரண கலர் நெகடிவ்வையும் கழுவலாம். கோடாக்ரோமுக்கு மட்டும் ஏன் கடைசியில் உலகத்துக்கே ஒரு லேப் என்று ஆனது? படம் இதை விளக்க அக்கறை எடுத்துக்கொள்ளவில்லை. “டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் செத்தது” என்ற பொதுவான வருத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறது. இப்போது எல்லோரும் முன்னைவிட அதிகமாகப் படம் எடுக்கிறார்கள், ஆனால் எல்லாம் வெறும் மின்னணுத் தூசிதான் என்ற அர்த்தத்தில் பென் ஒரு வசனம் பேசுவார். இணையத்தில் நிறையப் பேர் அதை எடுத்துப் போட்டிருந்தார்கள்.

என் கேள்வி: தூசியானது எது? என் போனில் 2009-ல் எடுத்த ஜேபெக் கோப்பு இன்றைக்கும் திறக்கிறது. எங்கள் வீட்டு பீரோவில் இருந்த ஃபிலிம் ரோல்தான் திறக்கவில்லை.

நிறமே இல்லாத கலர் ஃபிலிம்

இந்த இடத்தில் கொஞ்சம் வேதியியல் பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் மிச்சம் புரியாது.

கோடாக்ரோமைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு இசைக்கலைஞர்கள். லியோபோல்ட் மேன்ஸ் பியானோ வாசிப்பவர். லியோபோல்ட் கொடாவ்ஸ்கி வயலின் வாசிப்பவர், அவருடைய அப்பா புகழ்பெற்ற பியானோ மேதை. பள்ளிக்கூட நாட்களில் ஒரு கலர் சினிமாவைப் பார்த்துவிட்டு, நிறம் சரியில்லையே என்று நொந்துபோய் ஆராய்ச்சியில் இறங்கியவர்கள். 1930-ல் கோடாக் அவர்களை ராச்செஸ்டர் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டது. இருட்டறையில் கடிகாரம் பார்க்க முடியாது என்பதால் பிராம்ஸின் சிம்ஃபனியை விசிலடித்து நேரம் கணக்கிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. 1935-ல் 16 மி.மீ. சினிமா ஃபிலிமாக கோடாக்ரோம் வந்தது. அடுத்த வருடம் 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கு.

அவர்கள் செய்த தந்திரம் இது. மற்ற கலர் ஃபிலிம்களில், சாயத்தை உருவாக்கும் ரசாயனம் (கப்ளர் என்பார்கள்) ஃபிலிமுக்குள்ளேயே இருக்கும். கோடாக்ரோமில் அது கிடையாது. மூன்று கருப்பு வெள்ளை அடுக்குகள் மட்டும்தான். மேல் அடுக்கு நீல வெளிச்சத்தைப் பதியும். நடுவில் இருப்பது பச்சையை. அடி அடுக்கு சிவப்பை. சாயம் மொத்தமும் லேபில்தான் சேர்கிறது.

எப்படி? முதலில் கருப்பு வெள்ளை டெவலப்பரில் போட்டு மூன்று அடுக்கிலும் நெகடிவ்வை உண்டாக்குவார்கள். பிறகு ஃபிலிமின் அடிப்பக்கத்திலிருந்து சிவப்பு வெளிச்சம் காட்டுவார்கள். அது அடி அடுக்கை மட்டும் தொடும். அதற்கு சயான் சாயம் ஏற்றுவார்கள். அப்புறம் மேலிருந்து நீல வெளிச்சம். அது மேல் அடுக்கை மட்டும் தொடும். அதற்கு மஞ்சள். மிச்சம் இருக்கும் நடு அடுக்குக்கு மெஜந்தா. கடைசியில் வெள்ளி முழுவதையும் கரைத்துவிட்டால் சாயம் மட்டும் நிற்கும். 1974-லிருந்து வந்த இந்த முறைக்குப் பெயர் கே-14. ஒவ்வொரு தொட்டியின் வெப்பநிலையும் ரசாயன அளவும் துல்லியமாக இருக்க வேண்டும். இயந்திரம் பெரியது, கூடவே விஷயம் தெரிந்த ஒரு வேதியியலாளர் வேண்டும். தினமும் போதுமான ஃபிலிம் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் ரசாயனம் நிலையாக இருக்கும். நம் வீட்டில் செய்கிற காரியமே இல்லை.

கோடாக்ரோமை எல்லோரும் கொண்டாடியதற்குக் காரணமும் இதேதான். உள்ளே கப்ளர் இல்லாததால் அடுக்குகள் மெல்லியவை, படம் கூர்மை. இருட்டில் பத்திரமாக வைத்தால் சாயம் மங்குவது மிக மிக மெது. மஞ்சள் சாயம் 20 சதவீதம் குறைவதற்கே 185 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்க அரசின் எஃப்.எஸ்.ஏ. திட்டத்தில் 1939-லிருந்து எடுத்த கலர் படங்களை இன்றைக்கும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் பார்க்கலாம். நேற்று எடுத்த மாதிரி இருக்கும். (ஒரு கொசுறு: இருட்டில் இவ்வளவு திடமான அதே ஸ்லைடு, ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் மற்ற பல ஃபிலிம்களைவிட வேகமாக மங்கும். படத்தின் உச்சக் காட்சியில் மாட் செய்வது அந்த ஸ்லைடுகளுக்கு நல்லதல்ல. ஒரு காப்பி எடுத்துவிட்டுப் போட்டிருக்கலாம். என் தங்கை இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.)

சர்வரை நிறுத்தினால்

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுபவன். எனக்கு இது எப்படித் தெரிகிறது என்றால், கோடாக்ரோம் ஒரு கிளையன்ட். லேப்தான் சர்வர். உங்கள் கையில் இருக்கும் ரோலில் தகவல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதை நிறமாக மாற்றும் நிரல் முழுவதும் வேறு ஒருவரின் கட்டடத்தில் ஓடுகிறது. சர்வர் இருக்கும்வரை அருமை. கட்டணம் கட்டுகிறவர்கள் குறையக் குறைய, சர்வரை ஓட்டும் செலவு கட்டுப்படியாகாது.

கோடாக் ஆரம்பத்தில் இதை வியாபார முறையாகவே வைத்திருந்தது. அமெரிக்காவில் ஃபிலிமின் விலையிலேயே கழுவும் கூலியும் சேர்த்துத்தான் விற்றார்கள். வேறு யாரும் கழுவ முடியாது. ஏகபோகம் என்று அரசு வழக்குப் போட்டு, 1954 டிசம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்தப் பூட்டை விலக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் வெளி லேப்களும் இந்த வேலைக்குள் வந்தன. பார்சன்ஸில் இருந்த டுவெய்ன்ஸ் ஃபோட்டோ அப்படிப்பட்ட ஒரு வெளி லேப்தான். கோடாக் தன் சொந்த லேப்களை ஒவ்வொன்றாக மூடிய பிறகும் இந்தக் குடும்ப நிறுவனம் ஓட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த லேப் 2006-ல் மூடியது. 2008-க்குப் பிறகு உலகம் முழுக்க இது ஒன்றுதான்.

ஃபிலிமும் ஒரே நாளில் நிற்கவில்லை. கோடாக்ரோம் 25 முதலில் போனது. 2005-ல் சூப்பர் 8 சினிமா ஃபிலிம். 2006-ல் கோடாக்ரோம் 200. கடைசியாக இருந்த 64-ஐ நிறுத்துவதாக 2009 ஜூன் 22-ல் அறிவித்தார்கள். அப்போது கோடாக்கின் ஸ்டில் ஃபிலிம் விற்பனையில் கோடாக்ரோமின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. 2010 டிசம்பர் 30 மதியத்தோடு டுவெய்ன்ஸ் ரோல் வாங்குவதை நிறுத்தியது. இதில் வில்லன் யாரும் இல்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் இதே முடிவைத்தான் எடுத்திருப்பேன்.

இப்போது மற்ற ஃபிலிம்களைப் பாருங்கள். எக்டாக்ரோமை 2012-ல் நிறுத்தினார்கள். 2018-ல் திரும்பி வந்தது. ஃபூஜியின் அக்ராஸ் 2018-ல் போனது, 2019-ல் ‘அக்ராஸ் 2’ ஆக வந்தது. வெல்வியா 50 போய், 2007-ல் திரும்பியது. இவை எப்படித் திரும்ப முடிந்தது? எக்டாக்ரோமையும் வெல்வியாவையும் கழுவும் இ-6 முறை பொதுச்சொத்து மாதிரி. யார் ஃபிலிம் செய்தாலும் அதே தொட்டி. அதற்கான ரசாயனத்தை வீட்டில் கழுவும் கிட்டாகவே விற்கிறார்கள். அக்ராஸ் கருப்பு வெள்ளை, கேட்கவே வேண்டாம். ஃபிலிம் இல்லாத வருடங்களிலும் லேப்கள் உயிரோடு இருந்தன. கோடாக்ரோமையும் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறோம் என்று 2017-ல் கோடாக்கின் உயர் அதிகாரி ஒருவர் வாய் தவறிச் சொன்ன மாதிரி சொன்னபோது உலகமே குதித்தது. ஒன்றும் வரவில்லை. வர வேண்டும் என்றால் ஃபிலிமோடு லேபையும் புதிதாகப் பெற்றெடுக்க வேண்டும்.

நம் ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. 1960-ல் தொடங்கிய அரசு நிறுவனம், 1967-லிருந்து உற்பத்தி. ‘இந்து’ என்ற பெயரில் வந்த கருப்பு வெள்ளை ரோலையும் எக்ஸ்ரே ஃபிலிமையும் நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தத் தொழிற்சாலையும் போய்விட்டது. ஆனால் யார் வீட்டிலாவது கழுவாத ‘இந்து’ ரோல் ஒன்று கிடந்தால், அதை நாளைக்கே ஒரு டெவலப்பரும் ஃபிக்ஸரும் வைத்துக் கழுவலாம். தயாரித்த கம்பெனியே இல்லாவிட்டாலும் படம் வரும். கோடாக் இன்றைக்கும் இருக்கிறது, கோடாக்ரோமைத்தான் கழுவ முடியாது. இந்த வித்தியாசம்தான் விஷயமே. படம் இதைத் தொடவே இல்லை.

கடைசி ரோல் யாருக்கு?

படம் வருவதற்கு முன்பே நேஷனல் ஜியாகிரஃபிக் ஒரு ஆவணப்படம் எடுத்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த கடைசி கோடாக்ரோம் ரோலை ஸ்டீவ் மெக்கரியிடம் கொடுத்தார்கள். பெஷாவருக்குப் பக்கத்தில் ஒரு அகதி முகாமில் 1984-ல் அந்த ஆப்கன் சிறுமியை கோடாக்ரோமில் எடுத்தவர் அவர்தான். 36 ஃப்ரேம். அவர் ராபர்ட் டி நீரோவை எடுத்தார். இந்தியாவுக்கு வந்து அமிதாப் பச்சன், ஆமிர் கான், நந்திதா தாஸ் என்று எடுத்தார். ராஜஸ்தானில் ரபாரி மக்களை எடுத்தார். பிறகு இஸ்தான்புல். கடைசியாகப் பார்சன்ஸ் போய் அங்கே ஒரு கல்லறைத் தோட்டத்தில் முடித்தார். 2010 ஜூலையில் அதே டுவெய்ன்ஸில் கழுவினார்கள்.

படங்கள் அழகு, குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கேயும் எனக்கு அதே உறுத்தல். கோடாக்ரோமுக்குப் பெரிய கலைஞர்கள் இருந்தார்கள், நம் ரகுபீர் சிங் உட்பட. ஆனாலும் அதை 74 வருடம் காப்பாற்றியவர்கள் சாதாரணக் குடும்பஸ்தர்கள். பிறந்தநாள் கேக்கையும் கடற்கரையையும் எடுத்தவர்கள். கென்னடி சுடப்பட்டதைப் படமெடுத்த ஜப்ரூடர் ஒரு துணி வியாபாரி. அவர் கேமராவில் இருந்தது 8 மி.மீ. கோடாக்ரோம் 2. டல்லஸிலேயே கோடாக் லேப் இருந்ததால் அன்று பிற்பகலே அது கழுவப்பட்டது. சர்வர் பக்கத்துத் தெருவில் இருந்த காலம் அது.

உண்மையில் அந்தக் கடைசி வாரத்தில் பார்சன்ஸில் நடந்தது எந்தத் திரைக்கதையையும்விடச் சுவாரசியம். அர்க்கன்சாஸிலிருந்து ஒருவர் காரில் வந்து 1,580 ரோல்களுக்கான ஸ்லைடுகளை வாங்கிக்கொண்டு போனார். செலவு 15,798 டாலர். ஏறக்குறைய அத்தனையும் ரயில் படங்கள். லண்டனிலிருந்து ஒரு பெண் மூன்றே ரோலோடு விமானம் ஏறி வந்தார். இது எல்லாம் அந்த நியூயார்க் டைம்ஸ் கட்டுரையில் இருக்கிறது. இவர்களை விட்டுவிட்டு, கற்பனையாக ஒரு மேதையை உருவாக்கி, அவர் கையில் ரோலைக் கொடுத்திருக்கிறது படம். அவரது மகனுக்கு மியூசிக் கம்பெனியில் வேலை. நர்ஸாக வரும் ஜோயிக்கு அப்பா பிள்ளையைச் சேர்த்துவைப்பதைத் தவிர சொந்தமாக ஒரு வேலையும் திரைக்கதை கொடுக்கவில்லை. ரயில் படக்காரர் வீட்டில் ப்ரொஜெக்டரைப் போட்டால் யார் பார்ப்பார்கள்? அந்தக் கதையைப் பார்க்க எனக்கு ஆசை.

எங்கள் ரோல்

இப்போது, முதலில் தள்ளிவைத்த காரணம்.

என் சித்தப்பா எண்பதுகளில் நியூ ஜெர்சியில் இருந்தார். 1987-ல் தங்கைக்குக் காது குத்தியபோது கும்பகோணம் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் ஒரு பென்டாக்ஸ். முற்றத்து வெயிலில் எல்லோரையும் நிற்கவைத்து எடுத்தார். எனக்கு அப்போது எட்டு வயது. “சிரிக்காதடா, பல்லு இல்ல” என்று அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஊருக்குத் திரும்பிப்போய்க் கழுவி அனுப்புகிறேன் என்றார். படம் வரவே இல்லை. ரோலைத் தொலைத்துவிட்டார் என்று எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு கெட்ட பெயர் நிலைத்துவிட்டது.

2012-ல் அம்மா போனாள். பீரோவை ஒழித்தபோது, அடித்தட்டில் ரவிக்கைத் துணிகளுக்கு நடுவில் ஒரு கருப்பு டப்பா. உள்ளே ரோல். கோடாக்ரோம் 64, கே-14 என்று போட்டிருந்தது. சித்தப்பா அதை எடுத்துக்கொண்டே போகவில்லை. அம்மா பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறாள். எதற்கு என்று மறந்திருப்பாள்.

எனக்கு அப்போது கே-14 என்றால் என்னவென்றே தெரியாது. நெட்டில் தேடினேன். முதல் பக்கத்திலேயே டுவெய்ன்ஸின் செய்தி. இரண்டு வருடம் தாமதம். 2010-ல் யாராவது அந்த பீரோவின் அடித்தட்டைத் திறந்திருந்தால் ஒரு கவரில் போட்டு அனுப்பியிருக்கலாம். இந்த ஆராய்ச்சிக் கிறுக்கு எனக்குப் பிடித்தது அன்றுதான்.

வழிகள் இரண்டு இருந்தன. ஒன்று, கருப்பு வெள்ளையாகக் கழுவுவது. கே-14-ன் முதல் படியோடு நிறுத்திக்கொள்வது மாதிரி. மூன்று அடுக்கிலும் வெள்ளி படியும், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நிற்கும், பிறகு பிரிக்க முடியாது. நிறம் நிரந்தரமாகப் போய்விடும். இரண்டாவது, காத்திருப்பது. உலகத்தில் ஒரு சிலர் கோடாக்ரோமைக் கையாலேயே கலரில் கழுவிப் பார்த்திருக்கிறார்கள். நிறம் முன்னே பின்னே இருந்தாலும் வந்திருக்கிறது. ஆனால் ஒரு ரோலுக்கு ஒரு வாய்ப்புதான். தவறினால் கருப்பு வெள்ளையும் கிடையாது. காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் ஃபிலிமில் பதிந்தது தேய்ந்துகொண்டே போகும்.

ஆறு வருடம் ரோலை ஃப்ரிட்ஜில் வைத்துக் காத்திருந்தேன். அப்புறம்தான் இந்தப் படத்தைப் பார்த்தேன். கடைசிக் காட்சியில் மாட்டின் அம்மா முழு நிறத்தில் சுவரில் வந்து நின்றபோது நான் அழுதது அவர்களுக்காக இல்லை. சரி, அவர்களுக்காக மட்டும் இல்லை. அப்போது அப்பாவுக்கு 78 வயது. ஒரு கண்ணில் பார்வை குறையத் தொடங்கியிருந்தது.

2019-ல் பெங்களூருவில் இருட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பர் வீட்டில் கழுவினோம். முதலில் காலாவதியான வேறொரு கோடாக்ரோமை ஆன்லைனில் வாங்கிச் சோதித்தோம். எச்.சி-110 டெவலப்பர். ஃபிலிமின் பின்பக்கம் இருக்கும் கரிப்பூச்சை வெங்காரக் கரைசலில் ஊறவைத்து ஸ்பாஞ்சால் துடைத்து எடுத்தோம். கை இரண்டு நாள் கருப்பாக இருந்தது. நெகடிவ் முழுவதும் ஒரு பழுப்பு மஞ்சள், நடுவில் இருக்கும் வடிகட்டி அடுக்கின் மிச்சம். 36-ல் 19 தேறியது.

ஒன்றில் அம்மா முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பட்டுப்புடவை. ஜரிகை நன்றாகத் தெரிகிறது.

அப்பா பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். “அரக்குப் புடவை. தீபாவளிக்கு எடுத்தது” என்றார்.

பக்கத்தில் இருந்த அத்தை விடவில்லை. “அண்ணனுக்கு என்னிக்குப் புடவை கலர் தெரிஞ்சிருக்கு? மயில்கழுத்துடா அது. நான்தான் கூடப் போய் எடுத்தேன்.”

நான் ஸ்கேன் செய்து எவ்வளவோ பெரிதாக்கிப் பார்த்தேன். அரக்கும் மயில்கழுத்தும் கருப்பு வெள்ளையில் ஒரே சாம்பல். புடவையும் இல்லை. பழைய பட்டு வாங்குகிறவரிடம் அம்மாவே எப்போதோ போட்டுவிட்டாள். பதில் அந்த ரோலில் 32 வருடம் இருந்தது. எந்த அடுக்கில் எவ்வளவு வெளிச்சம் பட்டது என்பதுதானே பதில். அதை அழித்தது கோடாக் இல்லை, டிஜிட்டல் இல்லை. டாங்கில் டெவலப்பரை ஊற்றியது நான்தான். ஊற்றாமல் இருந்திருந்தால் அப்பா அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். 2021-ல் அவரும் போய்விட்டார்.

ஆகவே மார்க் ராசோவின் படத்தோடு என் சண்டையைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். ஒரு ஃபிலிம் நின்றுபோவதில் உண்மையாக வலிக்கும் இடம் கெடுவுக்கு முன்னால் இல்லை, கெடு முடிந்த பிறகு இருக்கிறது. கையில் ரோல் இருக்கும், கழுவ இடம் இருக்காது. எதை இழப்பது என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பென்னும் மாட்டும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அதனால் அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். படமும் தப்பித்துக்கொண்டது. நடிப்புக்காகப் பாருங்கள். கோடாக்ரோமைப் பற்றித் தெரிந்துகொள்ள எஃப்.எஸ்.ஏ. படங்களைப் பாருங்கள்.

கடைசியாக, உபயோகமாக ஒன்று. உங்கள் வீட்டு பீரோ, பரண், பழைய கேமரா இவற்றில் கழுவாத ரோல் ஏதாவது இருந்தால் அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சி-41 என்றால் சாதாரண கலர் நெகடிவ். இ-6 என்றால் ஸ்லைடு. இரண்டையும் கழுவும் லேப்கள் இன்றைக்கும் இருக்கின்றன, தள்ளிப்போடாதீர்கள். கருப்பு வெள்ளை என்றால் கவலையே இல்லை. கே-14 என்றிருந்தால் உடனே எதுவும் செய்யாமல், ஈரம் படாதபடி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு வீட்டில் வயதானவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அன்றைக்கு யார் என்ன நிறத்தில் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.